மணிகளால் கட்டிய குழாயின் காந்தம்

காந்தப் பொருள் ஒன்று எப்படி நடந்துகொள்ளும் என்பதில் அதன் வடிவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. படிக அமைப்பால் வரும் சிறிய விருப்பு வெறுப்புகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இரும்பு உருண்டைக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான். அதே இரும்பைக் கம்பியாக நீட்டினால் காந்தமாக்கம் கம்பியின் நீளவாக்கில் படுத்துக்கொள்ளும். குறுக்கே திருப்ப வேண்டுமானால் வலுவான புலம் தேவைப்படும். முதுகலை மாணவர்களுக்குத் திண்மநிலை இயற்பியல் நடத்துபவன் என்ற முறையில் இதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். எனவே ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் ‘காந்த நானோ குழாய்’ என்று கண்டவுடன், உள்ளீடற்ற உருளை ஒன்றும், அதன் சுவரில் காந்தமாக்கம் நீளவாக்கில் ஓடுமா, வளையமாகச் சுற்றுமா, முனைகளில் சுழலாகத் திரும்புமா என்ற கேள்விகளும் மனத்தில் எழுவது இயல்பு. வழவழப்பான, தொடர்ச்சியான சுவர் கொண்ட குழாய்களுக்கு இந்தக் கேள்விகள் பொருந்தும். நான் இங்கே எழுத வந்த குழாய்களுக்குச் சுவரே அப்படிப்பட்டதில்லை. அவை பல்லாயிரம் நுண்மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி உருவானவை. காந்தவியல் கண்ணோடு பார்த்தால் அவற்றைக் குழாய் என்று சொல்வதா, குழாய் வடிவில் நிற்கும் ஒரு கூட்டம் என்று சொல்வதா என்பதே முதல் கேள்வியாகிறது.

இந்தக் குழாய்கள் பிறந்த இடம் அர்ஜென்டினா. அந்நாட்டு அணுசக்தி ஆணையத்தின் கீழ் இரண்டு ஆய்வு மையங்கள் இந்த வேலையைப் பகிர்ந்துகொண்டன. ஒன்று, புவனோஸ் ஐரிஸ் நகரை ஒட்டியிருக்கும் கான்ஸ்டிடுயெண்டஸ் அணு ஆய்வு மையம். மற்றது, அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தென்மேற்கே, ஆண்டீஸ் மலையடிவாரத்தில் உள்ள பாரிலோச்சே அணு ஆய்வு மையம். பாப்லோ லெவி, கபிரியேலா லெய்வா ஆகியோர் முதல் மையத்திலும், ரோடோல்ஃபோ சான்செஸ், ஹொராசியோ ட்ரொயானி ஆகியோர் இரண்டாவதிலும் இருந்துகொண்டு 2003ஆம் ஆண்டில் மாங்கனைட் நானோ குழாய்களைப் பற்றிய முதல் செய்தியை வெளியிட்டார்கள். ஹாவியர் குரியாலே முதன்மை ஆசிரியராக இருந்து, அந்தக் குழாய்களின் காந்தப் பண்புகளை விரிவாக ஆராய்ந்த கட்டுரை 2007இல் ஃபிசிக்கல் ரிவ்யூ பி இதழில் வந்தது. இத்துறையில் நான் மாணவர்களின் கையில் முதலில் கொடுக்க விரும்பும் கட்டுரை அதுதான். அளந்ததைச் சொல்வதோடு நில்லாமல், அளந்த பொருள் எதனால் ஆனது என்பதை அது விடாமல் கேட்டுக்கொண்டே போகிறது.

மாங்கனைட் என்பது லாந்தனம், மாங்கனீசு, ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த சேர்மக் குடும்பம். தூய லாந்தனம் மாங்கனைட்டில் மாங்கனீசு அணுக்கள் எல்லாம் மூன்று நேர்மின் சுமையோடு இருக்கும். அந்நிலையில் அது ஃபெர்ரோ காந்தமாக, அதாவது இரும்பைப் போல அணுக்களின் காந்தங்கள் ஒரே திசையில் நிற்கும் பொருளாக, இருப்பதில்லை, மின்சாரத்தையும் சரியாகக் கடத்துவதில்லை. லாந்தனத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அங்கே ஸ்ட்ரான்சியத்தையோ கால்சியத்தையோ வைத்தால், மாங்கனீசு அணுக்களில் மூன்றில் ஒரு பங்கு நான்கு நேர்மின் சுமை கொண்டதாக மாறுகிறது. இப்போது ஒரு மாங்கனீசிடம் இருக்கும் கூடுதல் எலக்ட்ரான், இடையிலுள்ள ஆக்சிஜன் வழியாகப் பக்கத்து மாங்கனீசுக்குத் தாவலாம். ஆனால் இரு மாங்கனீசுகளின் காந்தத் திருப்புதிறன்களும் ஒரே திசையில் இருந்தால்தான் அந்தத் தாவல் எளிதாக நடக்கும். எலக்ட்ரான் ஓட வேண்டுமானால் காந்தங்கள் இணையாக நிற்க வேண்டும்; ஓடுவதால் ஆற்றல் குறைகிறது; ஆகவே அவை இணையாக நிற்கின்றன. பிலிப்ஸ் நிறுவனத்தின் ஐந்தோவன் ஆய்வுக்கூடத்தில் யோங்கரும் வான் சாண்டனும் 1950இல் கண்ட காந்தத்துக்கு, கிளாரன்ஸ் ஜீனர் 1951இல் கொடுத்த விளக்கம் இது. இரட்டைப் பரிமாற்றம் என்று பெயர்.

ஸ்ட்ரான்சியம் கலந்த வகை ஏறத்தாழ 370 கெல்வின் வரை, அதாவது தண்ணீர் கொதிப்பதற்குச் சற்று முன்புவரை, ஃபெர்ரோ காந்தமாக இருக்கும். கால்சியம் கலந்ததற்கு அந்த எல்லை தண்ணீரின் உறைநிலைக்குச் சற்றுக் கீழேயே வந்துவிடுகிறது. 1990களின் நடுவில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மென்படலங்களின் மின்தடை காந்தப்புலத்தில் பெருமளவில் சரிவதைக் கண்டு உலகமே இதன் பின்னால் ஓடியது. ஆய்வேடு தலைப்புகளில் பாதி மாங்கனைட்டாக இருந்த காலம் அது என்று மூத்த பேராசிரியர்கள் இன்றும் சொல்வதுண்டு. அந்த ஓட்டம் ஓய்ந்துவிட்டது. ஆனால் ஒரு பாடம் தங்கியது: மாங்கனைட்டின் காந்தம், மாங்கனீசு–ஆக்சிஜன்–மாங்கனீசு என்ற பாலம் உடையாமலும் அதிகம் வளையாமலும் இருப்பதை நம்பியிருக்கிறது. குழாய்களின் கதை முழுவதும் இந்தப் பாலத்தைச் சுற்றித்தான் நடக்கிறது.

இனி, குழாயைச் செய்யும் முறை. பாலிகார்பனேட் தாளில் கன அயனிகளை வேகமாகப் பாய்ச்சி, அவை கிழித்துச் சென்ற தடங்களைக் காரத்தால் அரித்தால், ஒரே அளவுள்ள நுண்துளைகள் கொண்ட சவ்வு கிடைக்கும். வடிகட்டியாகக் கடையில் விற்கும் பொருள்தான். அதன் துளைகளில், வேண்டிய உலோகங்களின் நைட்ரேட் உப்புகளைச் சரியான விகிதத்தில் கரைத்த நீரை ஏற்றுகிறார்கள். பிறகு மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கும்போது நீர் போய், நைட்ரேட்டும் சிதைந்து, துளையின் உட்சுவரில் ஒரு படிவு தங்குகிறது. கடைசியாக 800 டிகிரி செல்சியஸ் அளவில் காற்றில் சுட்டால் பாலிகார்பனேட் எரிந்து மறைந்துவிடும். படிவு மாங்கனைட்டாகப் படிகமாகும். மிஞ்சுவது கறுப்புத் தூள். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தத் தூள் ஏறத்தாழ 800 நானோமீட்டர் வெளி விட்டமும் நான்கு மைக்ரோமீட்டர் அளவில் நீளமும் கொண்ட குழாய்களின் குவியல். துளையின் விட்டம் ஒரு மைக்ரோமீட்டர். சுடும்போது சுருங்கியதால் குழாய் அதைவிட ஒல்லியாகிவிட்டது.

இன்னும் நெருங்கிப் பார்த்தால் சுவர் முழுவதும் மணிமணியாக இருக்கிறது. ஊடுருவு மின்னணு நுண்ணோக்கியில் அளந்தபோது மணிகளின் சராசரி விட்டம் 25 நானோமீட்டரை ஒட்டி வந்தது. சுவரின் தடிமனை நூறு நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், உள்ளிருந்து வெளியே நான்கு மணிகள்தான் அடுக்காக நிற்கும். மணிகளுக்கிடையே உள்ள இடைவெளிகளையும் கழித்து நான் போட்ட மனக்கணக்கில், ஒரு குழாயில் ஐம்பதாயிரத்துக்குக் குறையாத மணிகள் இருக்கும். அதன் எடை சில பிகோகிராம், அதாவது ஒரு கிராமை இலட்சம் கோடிப் பங்காக்கினால் அவற்றில் சில பங்குகள் மட்டுமே.

இப்படிப்பட்ட ஒரு மணியைத் தனியே எடுத்து வைத்தால் அது என்ன செய்யும்? இந்தக் கேள்விக்கான விடையை லூயி நேயல் 1949இல் எழுதினார். அவர் அப்போது எண்ணிப் பார்த்தது சுட்ட களிமண்ணை. செங்கல்லிலும் பானை ஓட்டிலும் இருக்கும் இரும்பு ஆக்சைடு மணிகள், சூளையில் ஆறிய நாளின் பூமிக் காந்தப்புலத்தை எப்படிப் பல நூற்றாண்டுகள் நினைவில் வைத்திருக்கின்றன என்பதே அவருடைய கேள்வி. மணி போதுமான அளவு சிறியதாக இருந்தால் அதனுள் காந்தக் களங்கள் பிரிவதில்லை. மணி முழுவதும் ஒரே காந்தமாக இருக்கும். அந்தக் காந்தம் தனக்குப் பிடித்த திசையிலிருந்து எதிர்த்திசைக்குப் புரள ஓர் ஆற்றல் தடையைத் தாண்ட வேண்டும். தடையின் உயரம் மணியின் கனஅளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வெப்பம் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். புரள ஆகும் சராசரி நேரம், தடையை வெப்ப ஆற்றலால் வகுத்து வரும் எண்ணைப் பொறுத்து அடுக்குக்குறியாக ஏறுகிறது.

அடுக்குக்குறி என்று வாயால் சொல்லிவிடலாம். எண்ணைப் போட்டுப் பார்த்தால்தான் அதன் கடுமை புரியும். தடை, வெப்ப ஆற்றலைப் போல் பத்து மடங்கு என்றால், வழக்கமாக எடுத்துக்கொள்ளும் ஒரு நானோ நொடி என்ற அடிப்படை நேரத்தோடு, புரள ஆகும் நேரம் 22 மைக்ரோ நொடி. கனஅளவை இரட்டிப்பாக்கினால் அது ஏறத்தாழ அரை நொடியாகிறது. கனஅளவு இரட்டிப்பாக விட்டம் கால் பங்கு கூடினால் போதும். நாற்பது மடங்குத் தடை இருந்தால் ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஒரே புட்டியிலுள்ள தூளில் மணிகளின் விட்டம் கால் பங்கு முன்பின் இருப்பது மிகச் சாதாரணம். அப்படியானால் ஒரே தூளில், கண் இமைப்பதற்குள் ஆயிரக்கணக்கான தடவை புரள்பவையும், அரை நொடிக்கு ஒருமுறை புரள்பவையும் அருகருகே கிடக்கின்றன. நாம் அளக்கும் வேகத்தைவிடச் சீக்கிரம் புரள்பவை நமக்குக் காந்தமாகவே தோன்றாது. அவற்றை சூப்பர் பாரா காந்தம் என்கிறோம். மற்றவை காந்தத் தயக்கம் காட்டும், அதாவது புலத்தை மாற்றினாலும் உடனே திரும்பாமல் பின்தங்கும். புலத்தை முன்னும் பின்னும் மாற்றி அளந்து, தூளின் தயக்க வளையம் என்று நாம் வரைந்து அச்சிடுவது இந்த இரு கூட்டங்களின் கலவையைத்தான். இதைக் கணக்கில் எடுக்காமல் காந்த நீக்குத்திறன், அதாவது காந்தமாக்கத்தைச் சுழியாக்கத் தேவையான எதிர்ப்புலம், இவ்வளவு என்று ஒரே எண்ணை எழுதி முடித்துவிடும் கட்டுரைகள் ஏராளம். அவற்றை மதிப்பீடு செய்ய அனுப்பும்போதெல்லாம் மணி அளவுப் பரவல் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்புவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

குழாய்களில் அளந்தபோது முதலில் கண்ணில் பட்டது, காந்தமாக்கம் குறைவாக இருந்தது. அதே வேதிக் கலவையின் பெரிய படிகம் காட்டும் அளவைக் குழாய்கள் எட்டவில்லை. எடையில் தவறில்லை, கலவையிலும் தவறில்லை. காரணம் மணியின் மேற்பரப்பு. மேற்பரப்பிலுள்ள மாங்கனீசு அணுவுக்கு ஒரு பக்கம் அண்டை அணு இல்லை. அங்கே பாலங்கள் அறுந்திருக்கின்றன, ஆக்சிஜன் இடங்கள் சில காலியாக இருக்கின்றன, பிணைப்புக் கோணங்கள் கோணிக்கொண்டிருக்கின்றன. எலக்ட்ரான் தாவ வழி இல்லாதபோது இரட்டைப் பரிமாற்றம் வலுவிழக்கிறது. அண்டை அணுக்களை எதிரெதிராக நிறுத்தப் பார்க்கும் இன்னொரு இடைவினை தலைதூக்குகிறது. இரண்டுக்கும் நடுவே மேற்பரப்பு அணுக்களின் காந்தங்களான தற்சுழற்சிகள் ஒழுங்கின்றி உறைந்துபோகின்றன. மணியின் மேல் காந்தத்துக்குப் பங்களிக்காத ஒரு தோல் உருவாகிவிடுகிறது. ஆய்வாளர்கள் இதை டெட் லேயர் என்பார்கள். அர்ஜென்டினாக் குழுவின் கணக்கில் இதன் தடிமன் ஏறத்தாழ 1.6 நானோமீட்டர். படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச்சிறு கட்டமான அலகுக்கூட்டில் நான்கை அடுக்கினால் வரும் உயரம் அவ்வளவே.

நான்கு அலகுக்கூடு போனால் என்ன என்று தோன்றலாம். சின்ன வெங்காயம் உரித்தவர்களுக்குத் தெரியும், தோலோடு போகும் பங்கு பெரிய வெங்காயத்தில் போவதைவிட எவ்வளவு அதிகம் என்று. விட்டம் 25 நானோமீட்டர் என்றால், சுற்றிலும் 1.6 கழிந்து உள்மணியின் விட்டம் 21.8 ஆகிறது, கனஅளவில் 66 விழுக்காடு மட்டுமே மிச்சம். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இதே தோல் 100 நானோமீட்டர் மணியில் ஒன்பது விழுக்காட்டைத்தான் தின்னும். 10 நானோமீட்டர் மணியிலோ மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிடும். எனவே மாங்கனைட்டை மேலும் மேலும் பொடியாக்குவதால் காந்தவியலில் எதுவும் ஆதாயம் இல்லை. நானோ என்ற முன்னொட்டு கிடைத்தாலே பொருள் சிறந்துவிடும் என்ற எண்ணம் விளம்பரங்களில் மட்டுமல்ல, திட்ட முன்வரைவுகளிலும் இருக்கிறது.

காந்தமாக்கம் குறைவதோடு இந்தத் தோலின் வேலை முடிந்திருந்தால் அதை ஓர் இழப்பு என்று எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம். அது மணிகளுக்கிடையே உள்ள உறவையே மாற்றிவிடுகிறது. அணுக்களுக்கிடையேயான பரிமாற்ற இடைவினை வலுவானது, ஆனால் எட்டாதது. ஓரிரு அணுத் தூரத்தில் தீர்ந்துவிடும். ஒட்டி நிற்கும் இரு மணிகளின் உள்மணிகளுக்கு நடுவே இரண்டு தோல்கள், அதாவது 3.2 நானோமீட்டர், எட்டு அலகுக்கூடுகள் நிற்கின்றன. அதைத் தாண்டிப் பரிமாற்றம் செல்லாது. அப்படிச் சென்றிருந்தால் சுவர் முழுவதும் ஒரே காந்தமாகத் தைக்கப்பட்டிருக்கும். குழாய், பாடநூலில் வரும் குழாயாகவே நடந்துகொண்டிருக்கும். இப்போது ஒவ்வொரு மணியும் தன் தோலுக்குள் தனித்து நிற்கிறது.

தனித்து நின்றாலும் அவை ஒன்றையொன்று அறியாமல் இல்லை. காந்தம் எதுவும் தன்னைச் சுற்றிப் புலத்தைப் பரப்பும். தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைந்தாலும் அந்தப் புலம் தோலைப் பொருட்படுத்தாது. ஸ்ட்ரான்சியம் வகை மணி ஒன்றின் உள்மணியில் ஏறத்தாழ 93 ஆயிரம் மாங்கனீசு அணுக்கள் இருக்கும். குறைந்த வெப்பநிலையில் அவை எல்லாம் ஒரே திசையில் நின்றால், அடுத்து ஒட்டியிருக்கும் மணியின் மையத்தில் உண்டாகும் புலம், தலையும் வாலுமாக நிற்கும் அமைப்பில், 40 மில்லி டெஸ்லா வரும். நாம் நிற்கும் இடத்துப் பூமிக் காந்தப்புலத்தைப் போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. ஆற்றலாகக் கணக்கிட்டால், அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலைவிடப் பல மடங்கு அதிகம். தனியே இருந்தால் வெப்பத்தால் புரண்டுகொண்டிருக்கக்கூடிய மணி, அண்டை மணிகளின் இந்தப் பிடியில் நிலைத்துவிடும். சூப்பர் பாரா காந்தமாக இருக்க வேண்டியவை என்று அளவை மட்டும் பார்த்து ஒதுக்கிவிடக்கூடிய மணிகள், குழாயின் சுவரில் கூடியபோது தயக்க வளையம் காட்டுவதற்கு இதுவே வழி செய்கிறது.

இயற்கை இந்த உத்தியை வெகுகாலமாகப் பயன்படுத்திவருகிறது. ரிச்சர்ட் பிளேக்மோர் 1975இல் விவரித்த காந்த பாக்டீரியாக்கள், மேக்னடைட் மணிகளை ஒற்றை வரிசையாகத் தம் உடலுக்குள் கோத்து வைத்திருக்கின்றன. வரிசையில் நிற்கும் மணிகள் தம் புலத்தால் ஒன்றையொன்று பிடிக்கும் இந்த இருமுனை இடைவினை அந்த வரிசை முழுவதையும் ஒரே திசைமானியின் ஊசியாக்குகிறது. பாக்டீரியத்தில் வரிசை நேராக இருக்கப் புரதங்கள் பிடித்துக்கொள்கின்றன. மாங்கனைட் குழாயில் அப்படிப் பிடிப்பவர் யாரும் இல்லை. மணிகள் விழுந்த இடத்தில் வெந்து ஒட்டியிருக்கின்றன. எனவே ஒரு மணிக்கு ஆறேழு திசைகளில் அண்டை மணிகள். தலைக்கு நேரே நிற்பவை அதை ஒரே திசையில் வைத்திருக்கப் பார்க்கும், பக்கவாட்டில் நிற்பவை எதிர்த்திசைக்குத் திருப்பப் பார்க்கும். சுவர் மெலிதாகவும் நீளமாகவும் இருப்பதால் மொத்தக் கணக்கில் சுவரின் வழியே நிற்பதே இலாபம் என்றாகிறது.

இப்படிப்பட்ட கூட்டத்தை எதிர்ப்புலத்தால் திருப்பும்போது எல்லா மணிகளும் அணிவகுப்புப் போல ஒரே பக்கம் திரும்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. வரிசையில் ஒன்று இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமும் சாய்ந்து, விசிறி விரிவதைப் போலத் திரும்பினால் ஆற்றல் தடை குறைகிறது. தொட்டுக்கொண்டிருக்கும் இரு உருண்டைகளை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரே பக்கம் திரும்பத் தேவையான புலத்தில் மூன்றில் ஒரு பங்கே விசிறி முறைக்குப் போதும். இரண்டே வரிகளில் மாணவர்கள் செய்துபார்க்கக்கூடிய கணக்கு. நீண்ட வரிசைக்கும் இதே போக்குத்தான். உருண்டைகள் பரிமாற்றத்தால் தைக்கப்பட்டிருந்தால் இந்த விசிறி நடக்கவே நடக்காது, ஏனெனில் தொடும் இடத்தில் எதிரெதிர்ச் சாய்வை அது அனுமதிக்காது. ஆகவே அளந்த காந்த நீக்குத்திறன் குறைவாக இருந்து, அது விசிறிக் கணக்கோடு இசைந்தும் வந்தால், தோல் மணிகளைப் பிரித்திருக்கிறது என்பதற்கு இரண்டாவது சாட்சியும் கிடைத்துவிடுகிறது. குறைந்த காந்தமாக்கம் ஒரு பக்கம், குறைந்த நீக்குத்திறன் மறுபக்கம். இரண்டுக்கும் ஒரே காரணம்.

விசிறிக் கணக்கை 1955இல் எழுதியவர்கள் ஜேக்கப்ஸ், பீன் என்ற இருவர். அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார்கள். நீண்ட இரும்பு நுண்துகள்களின் நீக்குத்திறன், துகள் முழுவதும் ஒருசேரத் திரும்பும் என்று கொண்டு ஸ்டோனரும் வோல்ஃபார்த்தும் 1948இல் தந்த கணக்கை எட்டாமல் போவதைக் கண்டு, அந்தத் துகள்களை உருண்டைகளின் வரிசையாகப் பாவித்துப் பார்த்தார்கள். இந்தச் சார்லஸ் பீனை நினைத்தால் எனக்கு வியப்பு தீர்வதில்லை. சூப்பர் பாரா காந்தம் என்ற பெயர் புழக்கத்துக்கு வந்ததில் அவருக்குப் பங்குண்டு. மீக்கடத்திகளில் இன்றும் பயன்படும் பீன் மாதிரி அவருடையது. அயனிகள் துளைத்த பிளாஸ்டிக் தாளை அரித்துத் துளைகள் உண்டாக்கும் கலை அதே ஸ்கெனெக்டடி ஆய்வுக்கூடத்தில் ஃபிளைஷர், பிரைஸ், வாக்கர் மூவரின் கையில் 1960களில் வளர்ந்தபோது, பீன் அதன் பக்கமும் போனார். அப்படிப்பட்ட ஒற்றைத் துளையின் வழியே நுண்துகள்களை ஓடவிட்டு, மின்தடை மாறுவதைக் கொண்டு அவற்றை எண்ணும் முறையை டிபிளாய் என்பவரோடு சேர்ந்து 1970இல் வெளியிட்டார். மாங்கனைட் குழாயை வார்த்த சவ்வும், அதன் மணிகளைப் புரிந்துகொள்ள உதவிய கணக்கும் ஒரே கட்டடத்திலிருந்து வந்தவை.

இதுவரை சொன்ன அளவீடுகள் எல்லாம் குழாய்களின் குவியலில் எடுத்தவை. குவியலில் குழாய்கள் எந்தத் திசையிலும் கிடக்கும். ஒன்றின் புலம் மற்றொன்றின் மேல் படும். அதிர்வு மாதிரிக் காந்தமானி, அதாவது எங்கள் ஆய்வுக்கூடப் பேச்சில் வி.எஸ்.எம்., வைத்து வேலை செய்தவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்கு தெரியும். மருந்துக்கடையில் வாங்கிய ஜெலட்டின் கேப்சூலில் தூளைக் கொட்டி, அது உள்ளே ஆடிவிடக் கூடாது என்பதற்காக மேலே பஞ்சை வைத்து அழுத்தி மூடி, குளிர்பான உறிஞ்சுகுழல் ஒன்றில் செருகி இயந்திரத்தில் இறக்குவோம். அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் வளையம் இம்மியளவு மாறும். தூளின் காந்தத்தையும் அடைத்த கையின் பழக்கத்தையும் சேர்த்தே அளக்கிறோம் என்ற உறுத்தல் அந்த வேலையில் எப்போதும் உண்டு. ஒற்றைக் குழாயை எடுத்து வைத்து அளந்தால் அந்த உறுத்தல் நீங்கும். ஆனால் ஒரு குழாயின் மொத்தக் காந்தத் திருப்புதிறன், நல்ல வி.எஸ்.எம். ஒன்று உணரக்கூடிய அளவில் சில ஆயிரத்தில் ஒரு பங்கே வரும். மீக்கடத்தியால் இயங்கும், அதைவிட நுட்பமான ஸ்குவிட் காந்தமானிக்கும் அது எட்டாது.

பாரிலோச்சேயில் ஹெர்னான் பாஸ்டொரிசாவின் குழு இதற்கு வேறு வழி கண்டது. சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய தகடு ஒன்று, இரு பக்கமும் மெல்லிய சுருள்வில்களால் தாங்கப்பட்டு, முறுக்கி முறுக்கித் திரும்பும்படி அமைந்த அலையி. அதற்கென்று ஓர் ஒத்ததிர்வு அதிர்வெண் உண்டு. தகட்டின் மேல் குழாயை வைத்துக் காந்தப்புலத்தைச் செலுத்தினால், தன் நீளவாக்கை விட்டு விலக விரும்பாத குழாயின் காந்தம் தகட்டின் முறுக்கத்தோடு மல்லுக்கு நிற்கும். சுருள்வில் சற்று விறைத்ததைப் போல அதிர்வெண் நகரும். அதிர்வெண்ணை மிகத் துல்லியமாக அளக்க முடியும் என்பதால், அந்தச் சிறு நகர்விலிருந்து காந்தமாக்கத்தைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். மோய்ரா டோல்ஸ் முதன்மை ஆசிரியராக 2008இல் வெளியான கட்டுரையில், கால்சியம் வகையைச் சேர்ந்த இரண்டு குழாய்களை, ஒன்றின் புலம் மற்றொன்றைத் தொடாதபடி வைத்து அளந்திருக்கிறார்கள். இரண்டின் எடையும் சேர்ந்து 14 பிகோகிராமுக்கும் குறைவு. தனித்த ஒற்றைக் குழாயின் தயக்க வளையம் முதன்முதலில் அப்போதுதான் பதிவானது.

அந்த வளையம் சொன்ன செய்தியை நான் இரு பகுதியாகப் படிக்கிறேன். காந்தமாக்கம் எந்தத் திசையை விரும்புகிறது என்பதைக் குழாயின் வடிவமே தீர்மானிக்கிறது. மணிகள் தோலால் பிரிந்திருந்தாலும் இருமுனை இடைவினை நீண்ட தூரம் செல்வதால், நீளவாக்கு என்ற விருப்பம் கூட்டம் முழுவதற்கும் வந்துவிடுகிறது. அந்த வகையில் பாடநூல் தோற்கவில்லை. ஆனால் திருப்பத் தேவையான புலம், வடிவத்தை மட்டும் வைத்துப் போட்ட கணக்கைவிடக் குறைவு, ஏனெனில் மணிகள் ஒன்றுபோலத் திரும்புவதில்லை. வெப்பநிலை ஏற ஏறக் காந்தமாக்கம் எந்த வளைகோட்டில் சரிகிறது என்பதும் மணிகளின் மேற்பரப்பைப் பொறுத்தே அமைகிறது. திசையைக் குழாய் சொல்கிறது. எவ்வளவு, எதுவரை என்பதை மணி சொல்கிறது. குவியலில் எடுத்த 2007ஆம் ஆண்டு முடிவுகளைத் தனிக்குழாய் மறுக்கவில்லை என்பது, மணிகளைப் பற்றிய அந்த வாசிப்பு சரி என்பதற்கு எனக்குப் போதிய ஆதாரம்.

குழாய் என்ற தலைப்பில் வரும் எல்லாமே இப்படித்தான் என்று இதைக் கொண்டு முடிவுகட்டக் கூடாது. அணு அடுக்குப் படிவு முறையில், அலுமினிய ஆக்சைடு துளைகளுக்குள் இரும்பு ஆக்சைடைப் பூசிச் செய்யும் குழாய்களில் சுவர் சீரானது. அவற்றில் சுவர்த் தடிமனைக் கூட்டிக்கொண்டே போனால் நீக்குத்திறன் முதலில் ஏறிப் பிறகு இறங்குகிறது. காந்தம் புரளும் முறை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதே காரணம் என்று விளக்கியிருக்கிறார்கள். அங்கே உண்மையிலேயே குழாயின் காந்தவியல் வேலை செய்கிறது. இரண்டு வகைகளுக்கும் நுண்ணோக்கிப் படம் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும் என்பதுதான் ஆபத்து. படத்தைப் பார்த்துவிட்டு சீரான சுவருக்கான சூத்திரத்தை மணிகளால் ஆன சுவருக்குப் போட்டுவிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மாங்கனைட் குழாயின் காந்தத்தைத் தூக்கிவிட வேண்டுமானால் வழி ஒன்றுதான்: இன்னும் அதிக வெப்பத்தில் சுட வேண்டும். மணிகள் வளரும், தோலின் பங்கு குறையும், காந்தமாக்கம் ஏறும். ஆனால் மணி நூறு நானோமீட்டரைத் தொட்டால் சுவரின் தடிமனே ஒரு மணியாகிவிடும். குழாய் என்ற வடிவம் நிற்பதே சந்தேகம். அதோடு, இந்தப் பொருளின் மேல் வேறொரு துறைக்கும் கண் இருக்கிறது. ஸ்ட்ரான்சியம் கலந்த லாந்தனம் மாங்கனைட், திண்ம ஆக்சைடு எரிபொருள் மின்கலங்களில் ஆக்சிஜன் நுழையும் பக்கத்து மின்முனைக்குப் பழகிய பொருள். அங்கே காற்றிலிருந்து வரும் ஆக்சிஜன் மேற்பரப்பில் உட்கார்ந்து எலக்ட்ரானை வாங்க வேண்டும். எனவே மேற்பரப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. அர்ஜென்டினாக் குழுவினரே பின்னர் இதே துளைச்சவ்வு முறையில் கோபால்ட் ஆக்சைடுக் குழாய்களைச் செய்து மின்முனைகளாகச் சோதித்தார்கள். காந்தத்துக்காகச் சுடுபவர் மணியைப் பெரிதாக்கவும், மின்கலத்துக்காகச் சுடுபவர் அதே மணியைச் சிறிதாகவே வைத்திருக்கவும் பார்ப்பார். உலையின் வெப்பநிலையை எங்கே நிறுத்துவது என்பதில் இருவரும் ஒத்துப்போக வாய்ப்பில்லை.